உமி கிழியாமல் மணி உடைய வேண்டும்: இரட்டை உருளை மால்ட் மில் பராமரிப்பும் பழுது பார்ப்பதும்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. என் மச்சான் 5 கிலோ பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு அல்சூரில் எங்கள் தெருமுனை மாவு மில்லுக்குப் போனான். அவனுடைய மால்ட் மில் இழுக்காமல் நின்றுவிட்டது, அன்றைக்கே பீர் காய்ச்சியாக வேண்டும். மில்காரர், "எந்தப் பதம் தம்பி, ரவையா நைஸா?" என்று கேட்டிருக்கிறார். இவன், "ரெண்டுக்கும் நடுவுல போடுங்கண்ணா" என்றிருக்கிறான். மதியத்துக்குள் அந்த மால்ட் வெந்நீரில் களியாகிவிட்டது. அடிக்குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. கரண்டியால் கிளறி, துணியில் பிழிந்து, மூன்று மணி நேரம் போராடிவிட்டு, சாயங்காலம் மில்லைத் துண்டில் சுற்றி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

நான் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். அந்த மில்லைப் பிரித்து மாட்டியதில் தெரிந்துகொண்டதையும், பிறகு அவன் நண்பர்கள் கொண்டுவந்த நாலைந்து மில்களில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். காய்ச்சுவது பற்றி ஒரு வார்த்தை: மச்சான் உரிமம் உள்ள ஒரு மைக்ரோபிரூவரியில் (சின்ன பீர் ஆலை) வேலை செய்கிறான், மில்லும் அங்கே நடக்கும் சின்னச் சோதனைக் காய்ச்சலுக்குத்தான். கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டம் 1965-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மில் செய்யும் வேலை என்ன

மாவு மில் அரைக்கிறது, மால்ட் மில் உடைக்கிறது. எல்லா வம்பும் இந்த வித்தியாசம் தெரியாததில்தான் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி நாலைந்து துண்டாக நொறுங்க வேண்டும். மேலே இருக்கும் உமி கூடுமானவரை முழுசாக நிற்க வேண்டும். வெந்நீரில் ஊறிய மால்ட்டிலிருந்து இனிப்பு நீரை வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டி. உமி தூளானால் வடிகட்டி போச்சு. உள்பகுதி மாவானால் அது சேறாகி வழியை அடைக்கும். மணி உடையாமலே போனால் உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்குத் தண்ணீர் எட்டாது, சர்க்கரை குறையும், மால்ட்டுக்குக் கொடுத்த காசு சக்கையோடு போகும்.

வீட்டளவில் கிடைக்கும் மில் பெரும்பாலும் இரண்டு உருளை உள்ளது. மேற்பரப்பில் குறுக்குமறுக்காக நர்லிங், அதாவது தானியத்தைக் கவ்வும் சொரசொரப்பான வரிகள், வெட்டியிருக்கும். ஒரு உருளையைத்தான் கைப்பிடியோ டிரில்லோ சுற்றும். இன்னொன்றுக்கு எந்த இணைப்பும் கிடையாது. நடுவில் சிக்கும் தானியம்தான் அதைச் சுற்ற வைக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பழுது பகுதியில் தேவைப்படும்.

திருகைத் தொடுவதற்கு முன்

எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் ஸ்பானரை எடுக்காதீர்கள். ஒரு கைப்பிடி மால்ட்டை ஓட்டி, வெளியே வந்ததை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள்.

முழு மணி அங்கங்கே அப்படியே கிடந்தால் இரண்டு உருளைக்கும் நடுவே இடைவெளி அதிகம். உமி கிழிந்து பொடியாகி, தட்டை ஆட்டினால் மாவு அடியில் தங்கினால், இடைவெளி குறைவு அல்லது வேகம் அதிகம். முழு மணியும் மாவும் ஒன்றாகவே இருந்தால் இரண்டில் ஒன்று: உருளைகள் ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகி இருக்கின்றன, அல்லது மால்ட்டிலேயே பருமனும் சன்னமுமாக மணிகள் கலந்திருக்கின்றன. எது என்று தெரிய, மில்லுக்கு அடியில் இடது பக்கம் ஒரு கிண்ணம், வலது பக்கம் ஒரு கிண்ணம் வைத்து ஓட்டுங்கள். இரண்டு கிண்ணத்திலும் ஒரே மாதிரி இருந்தால் மில்லின் மேல் குற்றமில்லை.

இந்த இரண்டாவது காரணம் நம் ஊரில் அதிகம். இந்தியாவில் விளையும் பார்லியில் பெரும்பங்கு ஆறு வரிசைக் கதிர். அந்தக் கதிரில் நடு மணி நேராகவும் பக்கத்து மணிகள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு சன்னமாகவும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் இரண்டு வரிசை மால்ட்டில் மணிகள் ஒரே அளவாக நிற்கும். இறக்குமதி மால்ட்டுக்கு வைத்த இடைவெளியிலேயே நம்மூர் மால்ட்டை ஓட்டினால் சன்ன மணிகள் நழுவிப் போகத்தான் செய்யும். மால்ட் மாறும்போதெல்லாம் ஒரு கைப்பிடி சோதனை கட்டாயம்.

இடைவெளி வைக்கும் முறை

டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்குமே, தாள் தாளாக விரியும் அளவுகோல், அதன் பெயர் ஃபீலர் கேஜ். பட்டறைப் பேச்சில் ஃபில்லர் கேஜ். எஸ்.பி. ரோட்டுப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கிவிடுங்கள். ஏடிஎம் கார்டை வைத்து அளக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கார்டின் கனம் 0.76 மி.மீ. மட்டுமே, பெரும்பாலான பார்லி மால்ட்டுக்கு அது நெருக்கம். அவசரத்துக்குச் சாதாரண ஏ4 தாள் பத்தை அடுக்கிச் செருகிப் பாருங்கள், ஏறக்குறைய 1 மி.மீ. வரும்.

டிரில் பொருத்தியிருந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள், ஒயர் உள்ளது என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. உருளைகளை பிரஷ்ஷால் துடையுங்கள், நர்லிங் பள்ளத்தில் மாவு இருந்தால் அளவு பொய்யாகும். இரண்டு பக்கப் பூட்டுத் திருகையும் தளர்த்துங்கள். 1.0 மி.மீ. தாளை ஒரு ஓரத்திலிருந்து சுமார் 1 செ.மீ. உள்ளே செருகி, லேசான பிடிப்போடு நகரும்வரை அந்தப் பக்கத்துக் குமிழைத் திருப்புங்கள். மறுபக்கமும் அதே மாதிரி. அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து மறுபடி பாருங்கள், ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் சற்று நகரும். பூட்டுத் திருகை இறுக்கியபின் மூன்றாவது தடவை அளவு பாருங்கள். இறுக்கும்போதுதான் பாதி பேருக்கு அளவு போய்விடுகிறது. கடைசியாக உருளையைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று கையால் திருப்பி அளவு பாருங்கள். சுற்றச் சுற்ற அளவு மாறினால் உருளையே வட்டம் போயிருக்கிறது.

1.0 என்பது தொடங்கும் இடம். அடிக்குழாய் வைத்த பாத்திரத்தில் வடிப்பவர்கள் 0.9-லிருந்து 1.1-க்குள் எங்காவது நிற்பார்கள். துணிப்பைக்குள் மால்ட்டைப் போட்டு ஊறவைத்து, பையோடு தூக்கி எடுப்பவர்களுக்கு உமி வடிகட்டியாக வேலை செய்ய வேண்டியதில்லை, 0.7 வரை இறக்கலாம். கோதுமை மால்ட்டுக்கு உமி கிடையாது, மணியும் கெட்டி. அதைத் தனியாக 0.7 அல்லது 0.8-ல் ஓட்டுங்கள், பார்லியோடு கலந்து ஓட்டாதீர்கள்.

கேழ்வரகை இந்த மில்லில் போடச் சொல்லி ஒருவர் கேட்டார். பெங்களூரில் அந்த ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். ராகி மணி சின்னது, பாதிக்கு மேல் அப்படியே விழும். அதற்கு மாவு மில்லே சரி. அரிசி சேர்க்க வேண்டுமானால் பச்சரிசியை இதில் திணித்து உருளையைக் கெடுக்காதீர்கள். அவல் வாங்குங்கள். ஏற்கெனவே வெந்து தட்டையானது, மில்லே வேண்டாம், நேராக வெந்நீரில் போடலாம்.

சரியான பதம் கிடைத்ததும் குமிழின் நிலையைப் பெர்மனென்ட் மார்க்கரால் மில் உடம்பில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வேகம்

டிரில்லை முழு வேகத்தில் விட்டால் உமி சட்னிதான். நிமிடத்துக்கு 200 சுற்று பக்கம் இருந்தால் போதும், 150 என்றாலும் குறையில்லை. அளக்க வழி: தண்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, போனில் ஸ்லோமோஷனில் 3 விநாடி படம் எடுத்து எண்ணுங்கள். 10 சுற்று வந்தால் 200. டிரில்லில் 1, 2 என்று கியர் இருந்தால் 1-ல் வையுங்கள். வேகம் குறைந்து முறுக்குவிசை கூடும், மோட்டாரும் சூடாகாது. இன்னொன்று, லுங்கி, துப்பட்டா, அவிழ்த்துவிட்ட தலைமுடியோடு டிரில் பக்கத்தில் போகாதீர்கள். பீன்யாவில் ஒரு தண்டு வேட்டியைச் சுற்றி இழுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஆள் பிழைத்தார், வேட்டி பிழைக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது

மால்ட்டைக் கொட்டுவதற்கு முன் ஒரு முறத்தில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்குங்கள். அரிசிக்குச் செய்வதுதான். மூட்டையில் கல்லும் சணல் நூலும் சில நேரம் ஆணியும் வரும். ஒரே ஒரு கல் நர்லிங்கில் வாழ்நாள் தழும்பு போட்டுவிடும். மேல் புனலின் உள்சுவரில் ஒரு பலமான காந்தத்தை ஒட்டி வைத்தால் இரும்பு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் மில்லைக் காலியாக ஓடவிட்டு, பிறகு மால்ட்டைக் கொட்டுங்கள். புனலை நிரப்பி வைத்துவிட்டு டிரில்லை அழுத்துவது, முழுச் சுமையோடு வண்டியை மேட்டில் கிளப்புவது மாதிரி.

முடிந்ததும் காலியாகப் பத்து விநாடி ஓட்டி, பேட்டரியைக் கழற்றி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். நர்லிங் பள்ளத்தில் ஒட்டியதற்குப் பித்தளைக் கம்பி பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதிலிருந்து உடையும் துணுக்கு அங்கேயே தங்கித் துருப்பிடிக்கும். தண்ணீர் கூடவே கூடாது. பெரும்பாலான உருளைகள் சாதா இரும்பு. ஒரு தடவை கழுவினால் மறுநாள் ஆரஞ்சு நிறம். கம்ப்ரசர் காற்றையும் பேரிங் பக்கம் அடிக்காதீர்கள், வெளியே இருக்கும் மாவை உள்ளே தள்ளுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

உடைப்பதை பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். மால்ட் தூசியில் புளிக்கவைக்கும் பாக்டீரியா தாராளமாக இருக்கும். நொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரம் இருக்கும் அறையில் உடைத்தால், புளிப்பு தானாக வந்து சேரும். பறக்கும் மாவுத் தூசி தீப்பிடிக்கக் கூடியது, அடுப்பு எரியும் இடத்தில் வேண்டாம். முகத்தில் மாஸ்க் போடுங்கள்.

எண்ணெய்

மச்சானின் மில் நின்றதற்கான பாதிக் காரணம் இங்கேதான் இருந்தது. உருளையின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைக் கழற்றியபோது உள்ளே பழுப்பாக, மெழுகு மாதிரி ஒரு பசை. முகர்ந்து பார்த்தேன், பழைய புட்டு வாசனை. "என்னடா போட்ட?" என்றால், "தேங்காய் எண்ணெய்தான் மாமா, சாப்பாட்டுல போடறதுதானே, சேஃப்னு நினைச்சேன்" என்கிறான். சாப்பிடுவதற்கு சேஃப். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், பெங்களூரின் டிசம்பர் இரவு அதைவிட நன்றாகவே குளிரும். உறைந்த எண்ணெயும் மால்ட் மாவும் சேர்ந்தால் பிசின். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் உறையாவிட்டாலும் காலப்போக்கில் காற்றுப் பட்டுப் பிசுபிசுத்து அதே கதிதான்.

மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் என்று கேளுங்கள். நிறமில்லை, மணமில்லை, கெட்டுப்போகாது. வெண்கலப் புஷ் உள்ள மில்லுக்குப் பக்கத்துக்கு ஒரு சொட்டு, நாலைந்து தடவை ஓட்டியபின் ஒரு முறை. வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். உருளை மேல் எண்ணெய் இருந்தால் அது மால்ட்டில் ஒட்டும், பீரில் எண்ணெய் பட்டால் நுரை நிற்காது.

பால் பேரிங் உள்ள மில் என்றால் எண்ணெயே தேவையில்லை, பேரிங்கின் ஓரத்தைப் பாருங்கள். இரும்புத் தகடு மூடி இருந்தால் எண்ணோடு இசட்இசட் என்று இருக்கும். ரப்பர் மூடி என்றால் 2ஆர்எஸ். மாவுத் தூசிக்குத் தகடு மூடி தாங்காது. பேரிங் கரகரக்கும்போது அதே எண்ணில் 2ஆர்எஸ் வாங்கி மாற்றுங்கள், அளவு அப்படியே பொருந்தும்.

உருளை சுற்றுகிறது, தானியம் இறங்கவில்லை

மில் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இது வரும். டிரில் சத்தமில்லாமல் ஓடும், புனலில் மால்ட் அப்படியே நிற்கும். குனிந்து பார்த்தால் ஒரு உருளை மட்டும் சுற்றும், தானியம் சுற்ற வைக்க வேண்டிய மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும். பலர் உடனே நர்லிங் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிப் புது உருளைக்கு அலைவார்கள். தேய்மானம் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. இந்த வரிசையில் போங்கள்.

புனலைக் காலி செய்து, சும்மா இருக்கும் உருளையை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். அது தானாக ஒன்றிரண்டு சுற்று ஓடி நிற்க வேண்டும். தட்டியதும் நின்றால் கோளாறு புஷ்ஷிலோ சட்டத்திலோ.

சட்டத்தை முதலில் பாருங்கள். பக்கத் தகடுகளைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி மறுபடி தட்டிப் பாருங்கள். இப்போது ஓடினால், தகடுகள் உருளையின் முனைகளை நெரித்துக்கொண்டிருந்தன. ஒரு தாளை முனைக்கும் தகட்டுக்கும் நடுவே செருகி, போல்ட்டுகளைக் கார் சக்கரத்துக்குச் செய்வது மாதிரி எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, தாளை உருவி எடுங்கள். மச்சானின் மில்லில் மீதிப் பாதிக் காரணம் இதுதான். யாரோ அன்போடு இறுக்கி வைத்திருந்தார்கள். யார் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தளர்த்தியும் ஓடவில்லை என்றால் உருளையை வெளியே எடுத்து, புஷ்ஷையும் தண்டையும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் முழுதாகக் காய்ந்தபின் ஒரு சொட்டு பாரஃபின் விட்டு மாட்டுங்கள். தண்டில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புஷ்ஷும் நீள்வட்டமாகியிருக்கும், மாற்ற வேண்டும்.

காலியாக நன்றாக ஓடுகிறது, தானியம் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் நர்லிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இடைவெளியை 1.4-க்குத் திறந்து ஒரு தடவை ஓட்டி, அப்புறம் 1.0-ல் இரண்டாம் தடவை ஓட்டுங்கள். சின்ன விட்டமுள்ள உருளைகளுக்குப் பருமனான மணியைக் கவ்வுவது எப்போதுமே சிரமம், இரண்டு தடவை ஓட்டுவது அவற்றுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னும் அடம்பிடித்தால் ஒரு ஓரிங் வைத்தியம் உண்டு. இணைப்பில்லாத உருளையின் ஓரத்தில் இறுக்கமான ஒரு ரப்பர் ஓரிங்கை மாட்டுங்கள். அதன் வெளிவிளிம்பு மறு உருளையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், அந்த உராய்வில் இதுவும் சுற்றத் தொடங்கும். இடைவெளிக்கு ஏற்ற கனத்தில் வாங்க வேண்டும். தேயும், கிழியும். துணுக்கு மால்ட்டில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

மில் நடுவில் "டக்" என்று நின்றால் அது வேறு கதை. கல். டிரில்லை விட்டுவிட்டு, பேட்டரியைக் கழற்றி, புனலைக் காலி செய்து, உருளையைக் கையால் பின்பக்கமாகச் சுற்றி எடுங்கள். விரல் வேண்டாம், மரக்குச்சி. இடைவெளியை மறுபடி அளந்துவிட்டுத்தான் தொடர வேண்டும், அந்த ஒரு அடியில் குமிழ் நகர்ந்திருக்கும். அதிர்வில் தானாகத் தளரும் திருகுகளுக்கு நைலான் வளையம் உள்ள நட்டு மாட்டினால் தொல்லை விட்டது.

ஈரம்

நல்ல மால்ட்டில் ஈரம் 4, 5 சதவீதம்தான். பல்லில் கடித்தால் "கடக்" என்று உடைய வேண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மூட்டை வாயைச் சரியாகக் கட்டாமல் விட்டால் மால்ட் நமுத்துப்போகும். நமுத்த மணி உடையாது, அவல் மாதிரி தட்டையாகும், நர்லிங்கில் பசையாக ஒட்டும். அப்போது இடைவெளியைக் குறைத்துப் பயனில்லை. காற்றுப் புகாத டப்பாவில் மால்ட்டை வைப்பதுதான் மருந்து. வண்டும் வராது.

உமியை மட்டும் வேண்டுமென்றே நனைப்பது இதற்கு நேர்மாறான வித்தை. 5 கிலோ மால்ட்டுக்கு 100 மி.லி. தண்ணீரை ஸ்பிரே பாட்டிலால் தூவி, கையால் புரட்டி, பத்து நிமிடம் விட்டால் உமி மட்டும் தோல் மாதிரி வளையும், உள்ளே காய்ந்தே இருக்கும். உடைத்தால் உமி முழுசாக வரும், வடிப்பது வெண்ணெய். கடைசியில் ஒரு கைப்பிடி காய்ந்த மால்ட்டை ஓட்டி உருளையின் ஈரத்தை எடுத்துவிடுங்கள். மறந்தால் துரு.

நர்லிங் உண்மையிலேயே தேய்ந்தால்

விரல் நுனியால் உருளையைத் தடவினால் அரம் மாதிரி பிடிக்க வேண்டும். வழுவழுப்பாக, வெளிச்சத்தில் பளபளத்தால் தேய்ந்ததுதான். அம்மி தேய்ந்தால் கொத்துவதற்குத் தெருவில் ஆள் வருவார், உருளைக்கு லேத் பட்டறைக்கு நாம் போக வேண்டும். போகும் முன் ஒரு சோதனை: தண்டுப் பக்கம் அல்ல, உருளையின் முகத்தில் ஒரு நல்ல அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் உருளை கடினப்படுத்தியது, அதன்மேல் மறுபடி நர்லிங் ஏறாது, டூலைத்தான் உடைக்கும். புதிதாகவே போட வேண்டும். அரம் கடித்தால் பழைய நர்லிங்கைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டலாம். விட்டம் கொஞ்சம் குறையும், குமிழ் அந்த அளவுக்கு நெருங்குமா என்று முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள்.

புது உருளை என்றால் இஎன்8 இரும்பு போதும், பீன்யாவில் எந்தப் பட்டறையிலும் இருக்கும். பழைய உருளையைக் கையோடு கொண்டுபோய், "இதே மாதிரி ரெண்டு, நர்லிங் ஆழமா" என்று சொல்லுங்கள். வாங்கும்போது டயல் கேஜில் (வட்டம் சரியா என்று முள் ஆட்டத்தில் காட்டும் அளவுகோல்) ஒரு சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் வாங்காதீர்கள். இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பழையது முதல் நாளிலேயே வழுக்கும்.

மச்சானின் உருளைகளில் அரம் கடித்தது, ஆனால் நர்லிங் இன்னும் கூர்மையாகவே இருந்தது. துடைத்து, போல்ட்டைச் சரிசெய்து, 0.95-ல் வைத்துக் கொடுத்தேன். இப்போது மில்லின் பக்கவாட்டில் வெள்ளை டேப் ஒட்டி, "தே.எ. போடாதே" என்று அவனே எழுதி வைத்திருக்கிறான்.